அம்மா முதலில் சாப்பிட்ட வருடம்

ஆமாம், சாப்பிடுவேன். முதலில் நான்தான் சாப்பிடுவேன். படுக்கையில் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு இந்தக் கிழவி காலையிலேயே தோசையும் சம்பலுமாகத் தட்டை வழிக்கிறாள் என்று, போன வாரம் ஆளைப் பார்க்க வந்த சம்பந்தியம்மா செண்டாயான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். சொல்லட்டுமே. என் வயிறு நிறைந்த பிறகுதான் அவருக்குக் கஞ்சி கரைப்பேன். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன். சாயங்காலம் மகனையோ மருமகளையோ அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, தெருவைச் சுற்றி நடந்துவிட்டு வருவேன். இதில் ஒன்றைக்கூட விடமாட்டேன்.

என் வயதுக்காரிகளே, உங்களில் பாதிப் பேர் இன்று இதே நிலையில்தான் இருக்கிறீர்கள். கட்டிலில் ஒருவர், கட்டிலுக்குப் பக்கத்தில் நீங்கள். எப்போது கேட்டாலும் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்லா" என்கிறீர்கள். எங்கே நல்லா இருக்கிறீர்கள்? கண்ணைச் சுற்றிக் கருப்புத் தட்டி, கன்னம் ஒட்டி, போன தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை தோளில் தொங்குகிறது. நீங்களும் தோட்டத்தில் பிறந்தவர்கள், ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வளர்ந்தவர்கள். அதனால்தான் உங்களிடம் என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

மந்தின் ஊரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவிட்டார். பால் வெட்டுவது நின்றுபோனது. ரப்பரை யார் வாங்குவது? மரத்தைச் சாய்த்துவிட்டுக் கிழங்கு போடச் சொன்னான் ஜப்பான்காரன். அதுவரை மரத்தைக் கீறிப் பால் எடுத்த கைகள் கோடாலி பிடித்தன. வெட்டிய மரத்திலிருந்து பால் வழிந்து, மழையில் ஊறி, காடே புளித்து நாறும். அந்த நாற்றம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

அப்படிச் சாய்த்த மரம் ஒன்று அப்பாவின் தொடைமேல் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது. பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதான் மலாய்க் கிராமத்திலிருந்து, எலும்பு கட்டுகிற மலாய்க்காரர் ஒருவர் வந்தார். ஏதோ இலையை அரைத்துப் பூசி, மூங்கில் பத்தைகளை வைத்து இடுப்பிலிருந்து முழங்கால்வரை கட்டினார். எலும்பு கூடும்வரை அசையக் கூடாது, கூடிய பிறகு ஆள் நிற்பதற்கு உடம்பில் தெம்பு வேண்டும், நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். மகராசன், நல்ல காலம் பார்த்துத்தான் சொன்னார்!

அன்றைய நிலைமை என்ன தெரியுமா? விடிகாலைப் பெரட்டில் வரிசையாக நின்று ஆளைக் காட்டினால்தான் ரேஷன் அரிசி. சுண்ணாம்பு வாடை அடிக்கிற, பாதி நொய்யான அரிசி. ஆள் நிற்காவிட்டால் அதுவும் இல்லை. எங்கள் வீட்டில் நிற்கக்கூடிய ஆள் அம்மா ஒருத்திதான். அப்பா பலகையில் கிடந்தார். எனக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது. தம்பி இன்னும் இடுப்பில் இருந்தான். அம்மா விழுந்தால் நாலு பேரும் விழுவோம். இது எனக்கே தெரிந்திருந்தது.

அத்தைக்கு மட்டும் வேறு ஒன்று தெரிந்திருந்தது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. தோட்டத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். நான் இங்கே தும்மினால் அங்கிருந்து "நூறு" என்பாள். அவள் புருஷனை, எங்கள் மாமாவை, சயாமில் ரயில் பாதை போட லோரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கால் உடைந்ததால் அப்பா மட்டும் அந்த லோரியிலிருந்து தப்பினார். அத்தைக்குப் பிள்ளை இல்லை. இருந்த ஒரு உறவு அப்பாதான்.

அப்பா படுத்த முதல் வெள்ளிக்கிழமை அத்தை அம்மாவின் கையைப் பிடித்து மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன். மஞ்சள் நனைத்த கயிற்றை அம்மாவின் மணிக்கட்டில் கட்டினாள்.

"என் தம்பி எழுந்து நிக்கிற வரைக்கும் அவன் மங்குல மிஞ்சினதைத்தான் நீ திங்கணும். உனக்குன்னு தனியா உலை வைக்கக் கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது, படுக்கப் பாய் கூடாது. தாலியத் தொட்டுச் சத்தியம் பண்ணு."

அம்மா செய்தாள். ஏன் செய்தாய் என்று பிற்காலத்தில் நான் கேட்டபோது, "பயம்டி" என்றாள். லயமே அவளைப் பத்தினி என்று சொன்னது. பைப்படியில் குடத்தை முதலில் வைக்க இடம் கொடுத்தார்கள். பத்தினிப் பட்டத்தை வைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சவா முடியும்?

மங்கு என்றேனே, நீல விளிம்பு போட்ட எனாமல் மங்கு அது. ஒரு பக்கம் எனாமல் பெயர்ந்து கருப்பு வட்டம் ஒன்று தெரியும். ரேஷன் அரிசி முழுவதும் அந்த மங்கில் அப்பாவுக்குக் கஞ்சியாகப் போகும். எனக்கும் தம்பிக்கும் அவித்த கிழங்கு. தொட்டுக்கொள்ள மிளகாய். தேங்காய் கிடைத்தால் அன்று பண்டிகை.

அப்பா பாதியிலேயே நிறுத்திவிடுவார். "போதும் புள்ள, இறங்கல" என்று மங்கைத் தள்ளுவார். அம்மா முகம் வாடிப்போகும். மிஞ்சியதில் ஒரு வாய், இரண்டு வாய் சத்தியத்துக்காக எடுத்துக்கொள்வாள். மீதியை, சாயங்காலம் அவருக்குப் பசிக்கும் என்று மூடி வைப்பாள். அந்த வெக்கையில் கஞ்சி எங்கே தாங்கும்? அவள் காட்டு வேலை முடிந்து வருவதற்குள் நுரைத்துப் புளித்திருக்கும். எங்களுக்குக் கொடுக்கலாமென்றால், நோயாளி எச்சில் பிள்ளைகளுக்கு ஆகாது என்று அத்தை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சட்டம் போட்டிருந்தாள். அதனால் மங்கைக் கொண்டுபோய் அத்தை வீட்டுக் கோழிக்குக் கொட்டுவேன். அது என் வேலை. அந்தத் தோட்டத்திலேயே ஜப்பான்காரன் காலத்தில் கொழுத்த ஒரே உயிர் அந்தச் செவலைக் கோழிதான்.

அம்மா மெலிந்தாள். வளையல் முழங்கைவரை ஏறியது. தலை சிக்குப் பிடித்துச் சடை விழுந்தது. நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பாள். வெறுந்தரையில் படுத்துப் படுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவாள். பெரட்டில் ஒருநாள் தள்ளாடினாள் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து எச்சரித்துவிட்டுப் போனார். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு மேலே ஜப்பான்காரன் இருந்தான். "நிக்க முடியாத ஆளு பேரை எடுத்துடுவாங்கம்மா" என்றார். பெயரை எடுத்தால் அரிசி இல்லை. அப்படிச் சொன்ன பிறகும் அத்தை, "ஆத்தா பார்த்துக்குவா" என்றாள்.

ஒருநாள் சாயங்காலம். அம்மா வேலையிலிருந்து வந்து அப்பாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். நான் தகரத்தில் வெந்நீர் வைத்துக்கொண்டு நின்றேன். முதுகைத் துடைக்க அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். பாதியில் அவள் கை அப்படியே விட்டுவிட்டது. அப்பா பலகையிலிருந்து தரையில் விழுந்தார். அந்த அலறல்! ஐயோ, எதிரிக்கும் வேண்டாம்.

அம்மா அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "என்னாங்க, என்னாங்க" என்று புலம்பினாள். மூங்கில் கட்டு நல்லவேளையாக நகரவில்லை. வலி கொஞ்சம் அடங்கியதும் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்:

"கையில வலுவே இல்லையே உனக்கு? நான் வைக்கிற கஞ்சியெல்லாம் என்ன பண்ற?"

"எந்தக் கஞ்சி?"

"தினம் உனக்குன்னுதானே பாதி வைக்கிறேன்! அக்கா உன்கிட்ட வாங்கின சத்தியம் எனக்குத் தெரியாதா? சுவரு பலகைதானே!"

"எனக்கா வச்சீங்க? உங்களுக்கு இறங்கலைன்னு நான் சாயங்காலத்துக்கு மூடி வைக்கிறேன். புளிச்சுப் போவுது. கோழிக்குப் போட்டுடறோம்."

"கோழிக்கா?"

அப்பா என்னைப் பார்த்தார். "அத்தை கோழிக்கு" என்றேன்.

அவ்வளவுதான். அந்த வலியிலும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தொடை வலித்தது, வலித்தால் கண்ணீர் வந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு அவளும் சிரித்தாள், பிறகு அழுதாள். இவருக்கு அவள் உண்ணவில்லையே என்று பசி. அவளுக்கு இவர் உண்ணவில்லையே என்று பசி. நடுவில் கோழிக்கு விருந்து. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரால் இப்படிப் பட்டினி கிடக்க முடியும், சொல்லுங்கள்!

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அப்பாவைத் தூக்கிப் பலகையில் போட்டார்கள். அவர்கள் கிளம்பியதும் அம்மா மங்கை எடுத்தாள். அன்று ராத்திரிக் கஞ்சி முழுவதையும் காய்ச்சி அதில் ஊற்றினாள். வாசற்படியில், லயத்துச் சாலையைப் பார்த்து, எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்தாள். பாதியைச் சாப்பிட்டாள். அவசரமில்லாமல், விரலை நக்கிச் சாப்பிட்டாள். பிறகு உள்ளே வந்து, "இது உங்க பங்கு. ஒரு பருக்கை மிஞ்சினா நடக்கிறதே வேற" என்று அப்பாவிடம் நீட்டினாள். அப்பா வழித்துச் சாப்பிட்டார்.

கோயிலுக்கு விளக்குப் போடப் போயிருந்த அத்தைக்குச் சேதி போகாமல் இருக்குமா? ஓடி வந்தாள்.

"அடிப் பாவி! தாலியத் தொட்டுச் சத்தியம் பண்ணினவ வாயா இது?"

"இதே வாய்தான் அண்ணி. நாளைக்குப் பெரட்டுல நான் நிக்கலைன்னா அரிசி இல்ல. அரிசி இல்லன்னா உங்க தம்பி இல்ல. உங்களுக்குத் தெரியாட்டியும் ஆத்தாளுக்குத் தெரியும்."

அன்றிலிருந்து அம்மா வேறு ஆள். காலையில் அவள் சாப்பிட்ட பிறகுதான் அடுப்பில் அப்பாவுக்குக் கஞ்சி சூடேறும். வேலை முடிந்து வந்தால் நேரே ஓடைக்குப் போய்க் குளிப்பாள். எங்கிருந்தோ சிரட்டையில் செம்பனை எண்ணெய் வாங்கி வந்து தலையில் தேய்த்தாள். அது தலையெல்லாம் மஞ்சளாக வழியும், ஒரு மாதிரி வாடை அடிக்கும், ஆனாலும் சடைச் சிக்கு விட்டது. குளித்து வந்ததும் பாயை விரித்துப் படுப்பாள். "கூரை பத்திக்கிட்டா மட்டும் எழுப்பு" என்பாள் என்னிடம். அவள் எழுந்த பிறகுதான் அடுப்பு, அப்பா, கிழங்கு எல்லாம்.

பைப்படியில் இப்போது அவள் குடத்துக்குக் கடைசி இடம். கங்காணி பெண்சாதி ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "புருஷன் படுக்கையில, பொண்டாட்டி தலைக்கு எண்ணெயா? நல்லா இருக்குடியம்மா நியாயம்!"

"ஆமாக்கா. அவரைத் தூக்கறது என் கையும் முதுகும். உங்க நியாயம் வந்து ஒரு நாள் தூக்கட்டும், நான் எண்ணெயை விட்டுடறேன்."

சில பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதில் இருவர் மறுநாள் தலைக்கு எண்ணெய் வைத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அத்தை சும்மா விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் கங்காணியைக் கூப்பிட்டு வைத்தாள். லயமே கூடிவிட்டது. இவள் சத்தியத்தை முறித்தவள், இவள் கையால் என் தம்பி இனி தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அவனை என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றாள். அத்தை வீட்டு அடுப்பு பாதி நாள் புகையவே புகையாது. அங்கே போனால் அப்பா பிழைப்பாரா?

கங்காணி தொண்டையைச் செருமினார். "என்னம்மா சொல்ற நீ?"

அம்மா மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்தாள். அழுக்கேறி இறுகிப்போயிருந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். நேரே போய் அம்மன் சூலத்தில் அதைக் கட்டினாள்.

"ஆத்தா, நோன்பை நீ பிடிச்சுக்க. எனக்குக் கை ஒழியல" என்றாள். அத்தை பக்கம் திரும்பினாள். "தூக்கிட்டுப் போறேன்னீங்களே அண்ணி, வாங்க. இப்பவே தூக்குங்க."

கூட்டம் மொத்தமும் எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா பலகையில் விழித்துக்கொண்டு கிடந்தார். அத்தை முந்தானையை இழுத்துச் செருகி, அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். அப்பா அசையவில்லை. மறுபடியும் தூக்கினாள். முகமெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்து, அப்படியே பலகையோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அம்மா குனிந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க அண்ணி?"

அம்மா மங்கில் கஞ்சி கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அத்தை அதைத் தொடாமல் எழுந்து போனாள். ஆனால் அப்பாவைக் கேட்டு அவள் மறுபடியும் வரவில்லை. கங்காணி, "சரி, சரி, கலைஞ்சு போங்க" என்று முதலில் அவரே கலைந்து போனார்.

வளர்ந்த பிறகும் நானும் தம்பியும் அத்தையை ராட்சசி என்றே பேசிக்கொள்வோம். இப்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் புருஷன் எங்கேயோ சயாம் காட்டில் இருந்தார். அவருக்குக் காய்ச்சலா, புண்ணா, சாப்பிட்டாரா, ஒன்றும் தெரியாது. துடைத்துவிட உடம்பு இல்லை, ஊட்டிவிட வாய் இல்லை. அவருக்காக அவளால் செய்ய முடிந்தது பட்டினி கிடப்பது ஒன்றுதான். அதைப் பெரிய காரியம் என்று நம்பினால்தான் அவளுக்கு மூச்சே ஓடும். அதை அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கஞ்சி குடித்தே பொய்யாக்கிவிட்டாளே! கோபம் வராதா? மாமா கடைசிவரை திரும்பவில்லை. பாவம் அத்தை. ஆனாலும் சொல்கிறேன், அவள் செய்தது தப்புத்தான். பாவப்பட்டவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது.

அம்மா தினமும் ஒரு கை கிழங்கைச் சுவர்ப்பலகை இடுக்கு வழியாக அந்தப் பக்கம் தள்ளிவிடுவாள். முதலில் அது அப்படியே கிடக்கும், எறும்பு மொய்க்கும். பிறகு ஒருநாள் காணாமல் போயிருந்தது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னையும் பேசவிடவில்லை.

மலாய்க்காரர் மறுபடியும் வந்து மூங்கிலை அவிழ்த்தார். தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு எலும்பு கூடிவிட்டது என்றார். கால் மூங்கிலைவிட ஒல்லியாக இருந்தது. அம்மா தினமும் அப்பாவைத் தோளில் தாங்கி நிறுத்திப் பார்ப்பாள். அவர் அவள்மேல் சாய்ந்தாரே தவிரக் காலை ஊன்றவில்லை. "முடியல புள்ள, பயமா இருக்கு" என்பார். ஆம்பிளை பயம் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். அம்மா, "பரவால்ல, நாளைக்குப் பார்ப்போம்" என்பாள். நாளை, நாளை என்று மழைக்காலமும் வந்துவிட்டது. இனி அவன் எழவே மாட்டான், சத்தியத்தை முறித்த பலன் என்று அத்தை லயத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கும் அம்மா ஓடையில் குளித்துவிட்டு வந்து பாயில் படுத்தாள். காலை முழுக்கக் கிழங்குக் காட்டில் வரப்பு வெட்டிய களைப்பு. படுத்த மாத்திரத்தில் குறட்டை. வாய் திறந்திருந்தது, மஞ்சள் எண்ணெய் நெற்றியில் மினுங்கியது. நான் தம்பியைத் தட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்குக் காலில் குரக்குவலி பிடித்துவிட்டது போலிருக்கிறது. பல்லைக் கடித்து மெல்ல முனகினார். கூப்பிடவில்லை.

ஆனால் பலகைச் சுவருக்கு எல்லாம் கேட்கும். அத்தை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"தம்பி முனகிக்கிட்டுக் கெடக்கான், இவ குறட்டை விட்டுத் தூங்கறா! பொம்பளையா இவ? ஏய், எந்திரிடி!"

"அக்கா, வேணாம்" என்றார் அப்பா.

அத்தை கேட்கவில்லை. குனிந்து அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கக் கையை நீட்டினாள்.

"அக்கா!"

அது அப்பாவின் குரல்தான், ஆனால் வேறு இடத்திலிருந்து வந்தது, மேலேயிருந்து. நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பா பலகையைவிட்டு எழுந்து, நடுத்தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கால் வெடவெடவென்று ஆடியது. வேட்டி நழுவிக்கொண்டிருந்தது. அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. ஒரு கையை எடுத்து அத்தையின் மணிக்கட்டைப் பிடித்தார்.

அத்தை திரும்பினாள். நின்றிருந்த தன் தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். வாய் கோணி, அழுகை கிளம்பி, "தம்பீ" என்று லயமே கேட்கும்படி கத்தப் போனாள்.

"கத்தாதேக்கா" என்றார் அப்பா. "அவ தூங்கட்டும்."

அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அம்மா ஒன்றும் அறியாமல் புரண்டு படுத்தாள்.